எறும்புத் தொல்லை

இரண்டு பக்கம் போதும் என்றார் இன்ஸ்பெக்டர் பெர்த்தெலோ.
முழங்கால் வீங்கி ரோந்துக்குப் போகாதவள் நான்,
கையெழுத்தும் பரவாயில்லை.
அப்படித்தான் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கான
ரிவியேர் தெசாங்கி காவல் நிலைய வரலாறு
என் தலையில் விழுந்தது.

பரணிலிருந்து முப்பத்தொரு பதிவேடுகள் இறக்கினேன்.
முதல் பதிவு கொலை இல்லை, களவும் இல்லை.
"எறும்புத் தொல்லை. மண்ணெண்ணெய் இரண்டு போத்தல் தேவை."
ஒப்பம், சார்ஜன்ட் ஹாகன்.
ஆலைக்காரர் வாடகைக்கு விட்ட
சர்க்கரைப்பாகுக் கிடங்குதான் அன்றைய லாக்கப்.
தரைக்கல் குடித்த பாகை
எறும்பு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த நாற்பது பக்கமும் ஒரே குற்றம்:
அலைந்து திரிதல்.
பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் அண்ணனைப் பார்க்க நடந்தது,
ஞாயிற்றுக்கிழமை நடந்தது,
சீட்டை மறந்து நடந்தது.
மார்ச்சில் மூனியேன். மே மாதம் முன்யான்.
ஆகஸ்டில் மொன்னியா.
மூன்று பேர், மூன்று தண்டனை,
மூவருக்கும் வலது புருவத்தில் ஒரே தழும்பு.
இருபத்தாறு வருடம் போலீஸ்காரி நான்,
ஐந்தே நிமிடத்தில் துப்புத் துலக்கிவிட்டேன்.
யாரைக் கைது செய்வது என்றுதான் தெரியவில்லை.

பிறகு, கரும்பு வெட்ட மறுத்த ஆண்டு.
தோட்டா வழங்கியது இருபத்துநான்கு.
திரும்பி வந்தது பத்தொன்பது.
அந்தத் தேதியில் வேறு ஒரு வரி கிடையாது.
மறுநாள் குதிரைத் தீவனம் வாங்கிய கணக்கு மட்டும்
சதம் பிசகாமல் இருக்கிறது.

அறுபதாம் வருடப் புயலில் கூரைத் தகரம்
கரும்புக் காட்டுக்குள் போய் விழுந்திருக்கிறது.
"கான்ஸ்டபிள் சின்னாப்பெனும்
கோழி திருடிய கைதி அர்மான்டும்
விடியும்வரை கதவுக்கு முதுகு கொடுத்தனர்.
கைதி தப்ப முயலவில்லை."
எழுதியவர் கடைசி வாக்கியத்தின் அடியில்
இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

சுதந்திர இரவிலும் அதே கையெழுத்து, அதே மை.
புது முத்திரை வர ஐந்து மாதம் ஆனதாம்.
அதுவரை பக்கத்துக்குப் பக்கம்
கிரீடத்தைப் பேனாவால் சுரண்டியிருக்கிறார்கள்.
சுரண்டிய இடமெல்லாம் ஓட்டை.
அதன் வழியே அடுத்த பக்கத்துக் கிரீடம் தெரிகிறது.

பெண்களுக்குக் கழிப்பறை கேட்ட கடிதங்கள் பதினேழு.
பதினொன்று, எனக்கு முன்னால் இருந்த மரி-லோர் எழுதியவை.
ஆறு என்னுடையவை.
சேர்த்தால் சிரிப்பார்கள். சேர்த்தேன்.

திருத்திய பிரதி நேற்று வந்தது.
புயல் இருக்கிறது. கொடியேற்றம் இருக்கிறது, போட்டோவோடு.
புருவத் தழும்பு இல்லை.
தோட்டாக்கணக்கு இல்லை.
கழிப்பறை, "நவீன வசதிகள்" ஆகியிருந்தது.

இரவு டியூட்டி. மணி இரண்டேமுக்கால்.
துணி ஆலை வேனில் ஒருவனைக் கொண்டுவந்தார்கள்.
வங்காளதேசத்துப் பையன், பெர்மிட் முடிந்து நான்கு மாதம்.
பாஸ்போர்ட் கம்பெனிக்காரனிடம்.
எங்கே போய்க்கொண்டிருந்தாய் என்றேன்.
அண்ணனைப் பார்க்க, என்றான், உடைந்த கிரியோலில்.
வேன்காரன் சொன்ன பெயர் ஒன்று,
அட்டையில் இருந்தது வேறு,
அவன் வாயில் வந்தது மூன்றாவது.

பேனாவை அவன் பக்கம் தள்ளினேன்.
மேலே ஒரு கோடு இழுத்து
அதில் எழுத்துகளைத் துணி காயப்போடுவதுபோல்
ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டான்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
அவன் புருவத்தைப் பார்த்தேன்.
பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன்,
கட்டிலில் ஏறி உட்கார் என்றேன்,
கீழே எறும்பு.
செல்லைப் பூட்டினேன்.
பழைய பூட்டு. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான்
சாவி திரும்பும்.
அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.